4 டிகிரித் தண்ணீரில் பந்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், ஹெல்கோலாந்துத் தீவில் நான் வேலை பார்த்த இரண்டு குளிர்காலங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஜெர்மனியின் கரையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி, வடகடலில் சிவப்புப் பாறையாக நிற்கும் குட்டித் தீவு அது. கடல்நீரை வாளியில் மொண்டு வந்து, அதிலுள்ள பாக்டீரியாவை எண்ணுவதுதான் அங்கே என் பிழைப்பு. இதற்கெல்லாம் யார் கடிதம் போடப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஆசிரியர் ஒரு கட்டையே அனுப்பிவிட்டார். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "உங்களுக்கு அங்கே சாப்பாடு எப்படி?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. அது சோகக் கதை.

குளிரில் கிருமி வளராது என்றுதானே மாவை ஃபிரிட்ஜில் வைக்கிறோம்? 4 டிகிரிக் கடலில் பாக்டீரியா என்ன செய்யும், தூங்குமா? (வேலூர் வாசகி)

உங்கள் ஃபிரிட்ஜுக்குள்ளும் கிட்டத்தட்ட அதே 4 டிகிரிதான். மாவு அதில் எத்தனை நாள் புளிக்காமல் தாங்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாலாம் நாள் இட்லிக்கு ஆகாது, தோசைக்குத்தான். ஆக, குளிரில் வேலை மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை. அதுவும் மாவில் இருப்பவை நம் சமையலறைச் சூட்டுக்குப் பழகியவை. வடகடலில் இருப்பவை பிறந்ததே குளிரில்.

மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் வேறு. பாக்டீரியாவின் மேல்சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். குளிர்கடல் பாக்டீரியா தன் சவ்வை நல்லெண்ணெய்ப் பக்கமாக மாற்றி வைத்துக்கொள்கிறது, அதனால் அது இறுகிப் போவதில்லை. உணவை உடைக்கும் நொதிகளும் அப்படித்தான். சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும், ஆனால் குளிரில் வளைந்து கொடுத்து வேலை செய்யும்.

பிப்ரவரியில் ஹெல்கோலாந்துத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில லட்சம் பாக்டீரியா இருக்கும். ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பருவம் மாறும்போது என்னதான் மாறுகிறது? வெயில் வந்து சூடானதும் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதானே? (கோயம்புத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

அவ்வளவுதான் என்றால் எனக்குச் சம்பளம் கொடுத்திருக்க மாட்டார்கள், ஐயா. நானும் போகும்போது இதையே நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். தண்ணீர் இன்னும் 5, 6 டிகிரியில்தான் இருக்கும். கைவிட்டால் எலும்பு வலிக்கும். ஆனால் பகல் நீண்டுவிட்டது. குளிர்காலம் முழுவதும் கடலில் சேர்ந்த நைட்ரேட்டும் சிலிக்காவும் அப்படியே கிடக்கின்றன. வெளிச்சமும் உரமும் ஒன்றாகக் கிடைத்ததும் டயாட்டம் என்கிற கண்ணாடி ஓட்டுப் பாசி பெருகிக்கொண்டே போகும். நாங்கள் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணிலிருந்து மறைகிறது என்று பார்ப்போம். அந்த ஆழம் வாரத்துக்கு வாரம் குறையும். தண்ணீர் லேசாகப் பழுப்பேறும். ஃபில்டர் தாளில் வடிகட்டினால், போன மாதம் வெள்ளையாக இருந்த தாள் இப்போது வெந்தயத் தூள் தூவினது போல இருக்கும்.

பாசி சாகத் தொடங்கியதும் பாக்டீரியாவுக்குப் பந்தி ஆரம்பம். சில லட்சமாக இருந்த எண்ணிக்கை சில வாரங்களில் இருபது, முப்பது லட்சத்தைத் தொடும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, தண்ணீர் அப்போதும் குளிர்ந்தேதான் கிடக்கிறது என்பது. பெருக வைத்தது சூடு இல்லை, சாப்பாடு.

எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவதும் இல்லை. 2009-ம் ஆண்டு வசந்தத்தில், பிரெமனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹன்னோ டீலிங், ரூடால்ஃப் அமன் குழுவினர் ஹெல்கோலாந்துக் கடல்நீரைத் தொடர்ந்து எடுத்து யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்கள். 2012-ல் வெளியான அவர்கள் ஆய்வைப் படித்தால் கல்யாண வீட்டுப் பந்திதான் நினைவுக்கு வரும். முதலில் உல்விபாக்டர் என்ற கூட்டம் ஏறும். அது இறங்கும்போது ஃபார்மோசா ஏறும். அப்புறம் ரெய்னிகியா, போலாரிபாக்டர். ஒவ்வொன்றும் சில நாள், மிஞ்சினால் ஒன்றிரண்டு வாரம். பிறகு இடத்தைக் காலி செய்துவிடும்.

ஏன் இந்த வரிசை? இலையில் உள்ள பதார்த்தம் ஒவ்வொருவருக்கும் வேறு. டயாட்டம் தன் உடம்பில் லாமினாரின் என்ற சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. உடைக்க எளிது. அது சோறு மாதிரி, பலருக்கும் பிடிக்கும், சீக்கிரம் தீரும். கடலில் மிதக்கும் பாசித் துகள்களில் உள்ள கரியில் (கார்பனில்) சராசரியாகக் கால் பங்குக்குச் சற்று மேலே, அதாவது 26 சதவீதம், இந்த ஒரே சர்க்கரைதான் என்று 2020-ல் கணக்கிட்டார்கள். அடுத்து மேன்னான், சைலான், ஆல்ஜினேட் என்று வேறு வேறு முடிச்சுப் போட்ட சர்க்கரைகள். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்க வேறு நொதி வேண்டும். எவரிடம் அந்த நொதியின் மரபணு இருக்கிறதோ அவருக்குத்தான் அந்தப் பதார்த்தம். கடைசியில் கந்தகம் ஏறிய ஃபியூகோஸ் சர்க்கரை மட்டும் மீந்து நிற்கும். பந்தி முடிந்த இலையோரத்து முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி, வாரக்கணக்கில் யாரும் தொடாமல் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. சாதாரணமாக பாக்டீரியா நொதியை வெளியே விட்டு உணவை உடைக்கும். உடைந்ததில் பாதியைப் பக்கத்தில் நிற்பவன் தின்றுவிடுவான். சில கூட்டங்கள் இந்த ஏமாளித்தனத்தைச் செய்வதில்லை. பெரிய துண்டாகவே பிடித்து இரண்டு சவ்வுகளுக்கு நடுவே உள்ளே இழுத்துக்கொண்டு, அங்கே வைத்து உடைக்கின்றன. வெளியே ஒரு பருக்கை சிந்தாது. கல்யாணத்தில் பார்சல் கட்டிக்கொண்டு போகிறவர்களை இனிமேல் திட்டக்கூடாது என்று இதைப் படித்த அன்று முடிவு செய்தேன்.

தீவில் கார் கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். நான் கப்பல் என்ஜினீயராக இருந்தவன். அங்கே வண்டிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். (தூத்துக்குடி வாசகர்)

நீங்கள் சொல்வது சரி. சாமான் ஏற்ற மின்சார வண்டிகள் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. பொதுமக்கள் கார் ஓட்டத்தான் தடை. சைக்கிளுக்கும் தடை என்பது தெரியுமா? அதை எழுத விட்டுவிட்டேன்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றை 'இது உல்விபாக்டர், இது போலாரிபாக்டர்' என்று எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? (சேலம், கல்லூரி மாணவர்)

தட்டில் வளர்த்துப் பார்ப்பதுதானே வழி என்று நினைப்பீர்கள். கடல் பாக்டீரியாவில் பெரும்பாலானவை தட்டில் வளராது. நூற்றில் ஒன்று வளர்ந்தால் பெரிது. அதனால் வேறு வழி.

எனக்குப் பழகிய வேலையைச் சொல்கிறேன். தண்ணீரில் ஃபார்மலின் சேர்த்து எல்லாவற்றையும் அப்படியே நிறுத்த வேண்டும். பிறகு 0.2 மைக்ரான் ஓட்டையுள்ள ஃபில்டரில் உறிஞ்சி இறக்க வேண்டும். நகம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, டாப்பி என்ற சாயத்தை விட்டு, மைக்ரோஸ்கோப்பில் புற ஊதா ஒளியில் பார்த்தால் கறுப்பு வானத்தில் நீல நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். டிஎன்ஏ உள்ள ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இது தலை எண்ணுவதற்கு. பேர் தெரிய வேண்டுமானால், ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் ஆர்என்ஏவில் மட்டும் ஒட்டும்படி செய்த சிறிய மரபுத் துணுக்கை, ஒளிரும் சாயத்தோடு சேர்த்து ஊற்ற வேண்டும். அப்போது மைக்ரோஸ்கோப்பின் ஒளி வடிகட்டியை மாற்றினால் அந்தக் கூட்டம் மட்டும் வேறு நிறத்தில் எரியும். கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு டிக், டிக், டிக். ஒரு நாளைக்கு இப்படி ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் ராத்திரி கண்ணை மூடினாலும் புள்ளிதான். இப்போது பெரும்பகுதி டிஎன்ஏ வரிசையைப் படித்தே முடித்துவிடுகிறார்கள். நான் பொறாமையோடு பார்க்கிறேன்.

ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பிப்ரவரியில் மூன்று வார மாதிரிகளைச் சின்னக் குப்பிகளில் போட்டு, மார்க்கர் பேனாவால் தேதி எழுதி அடுக்கியிருந்தேன். குப்பிக்குள் இருந்தது ஆல்கஹால். ஒன்றின் மூடி சரியாக இறுகவில்லை. காலையில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் பத்துப் பதினைந்து குப்பிகளில் எழுத்தே இல்லை, ஊதா நிறத்தில் ஒரு கறை மட்டும். எது 4-ம் தேதி, எது 18-ம் தேதி? பருவ மாற்றம் பார்க்கும் ஆய்வில் தேதி போன தண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர். என் மேற்பார்வையாளர் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வசந்தத்தில் வரும் கூட்டம் மற்ற நாளில் எங்கே போகிறது? குளிர்காலத்தில் கடலில் யார்தான் இருக்கிறார்கள்? (பலர்)

எங்கும் போவதில்லை. இங்கிலாந்தின் பிளிமத் கரையோரம் எல்4 என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஆறு ஆண்டுகள் எடுத்த தண்ணீரில் பருவத்துக்குப் பருவம் வேறு வேறு கூட்டங்கள் தெரிந்தன. பிறகு ஒரே ஒரு நாள் தண்ணீரை எடுத்து, மிக ஆழமாக, ஒரு கோடி துணுக்கு அளவுக்கு டிஎன்ஏ வரிசை படித்தார்கள். ஆறு ஆண்டுகளில் பார்த்ததில் பெரும்பகுதி அந்த ஒரே வாளியில் இருந்தது. எல்லா விதையும் எப்போதும் பானையில் இருக்கிறது, எது முளைக்கிறது என்பதுதான் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அங்கே கூட்டத்தின் வகை குளிர்காலத்தில்தான் அதிகம். வசந்தத்தில் நாலைந்து பேர் பந்தியை வளைத்துக்கொள்வதால் மற்றவர்கள் கணக்கில் காணாமல் போகிறார்கள். இந்த ஏற்ற இறக்கத்தோடு மிக நன்றாக ஒத்துப்போனது எது தெரியுமா? தண்ணீரின் சூடோ உப்போ இல்லை, பகலின் நீளம்.

குளிர்காலத்தில் முன்னே தெரிபவர் எஸ்ஏஆர்11 என்ற கூட்டம். பேர் கார் நம்பர் மாதிரி இருக்கிறது. ஸ்டீஃபன் ஜியோவனோனி குழு 1990-ல் சர்காசோ கடலில் இதன் மரபணுவைக் கண்டது, ஆய்வகத்தில் வளர்க்க 2002 வரை ஆனது. உலகக் கடல்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான். மிகச் சிறிய உடம்பு, மிகச் சிறிய மரபணுத் தொகுப்பு. விருந்து வந்தால் பாய்ந்து விழாது, பஞ்சத்தில் சாகாது. என் பாட்டியின் நினைவு வரும்.

இன்னொருவரும் உண்டு. ஆர்க்கியா, பார்வைக்கு பாக்டீரியா போல இருந்தாலும் வேறு வம்சம். நெதர்லாந்தின் டெக்சல் தீவருகே ஆண்டு முழுவதும் பார்த்ததில், அம்மோனியாவைத் தின்னும் ஆர்க்கியா குளிர்காலத்தில்தான் பெருகின. அந்த அம்மோனியா நைட்ரைட்டாகி, பிறகு வேறு பாக்டீரியா கையில் நைட்ரேட்டாகிறது. வசந்தப் பாசிக்கு உரம் என்றேனே, அதில் ஒரு பங்கு இப்படி இருட்டில் சமைத்து வைத்தது. அண்டார்டிகா தீபகற்பத்துக் கரையிலும் ஆர்க்கியா கூடுவது குளிர்காலத்தில்தான்.

சென்னைக் கடற்கரையில் நுரை வந்தால் சாக்கடை என்கிறார்கள். ஐரோப்பாவில் நுரை வந்தால் இயற்கை என்கிறார்கள். என்ன நியாயம்? (திருவொற்றியூர் வாசகர்)

கோபம் புரிகிறது. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. வடகடலில் மே மாதம் ஃபெயோசிஸ்டிஸ் என்ற பாசி, சளி போன்ற உருண்டைக்குள் கூட்டமாக வளரும். அது செத்து உடையும்போது வரும் புரதத்தையும் பசையையும் அலை அடித்து நுரையாக்கும். சோப்புப் போட வேண்டியதே இல்லை. இயற்கை என்பதால் ஆபத்தில்லை என்றும் இல்லை. 2020 மே மாதம் நெதர்லாந்தின் ஷெவனிங்கன் கரையில் அலைச்சறுக்கு தெரிந்த ஐந்து பேர், ஆள் உயர நுரை மூடிய கடலில் இறந்து போனார்கள்.

அந்த வாரங்களில் அடிக்கும் நாற்றத்துக்கும் பாக்டீரியாவுக்கும் தொடர்பு உண்டு. பாசி தன் உடம்பில் வைத்திருக்கும் ஒரு கந்தகப் பொருளை பாக்டீரியா உடைக்கும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வரும். கொஞ்சமாக இருந்தால் 'ஆகா, கடல் வாசனை' என்போம். நிறைய இருந்தால் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம்.

2019-ல் சென்னைக் கடற்கரையில் நீல ஒளி தெரிந்ததே, அது பாக்டீரியாவா? (நீலாங்கரை வாசகி)

இல்லை. அது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. ஹெல்கோலாந்திலும் ஜூன், ஜூலையில் அதே ஆள் வருவார். பகலில் தக்காளி சூப் ஊற்றியது போலத் தண்ணீரில் செந்திட்டு, இரவில் நீலம். அலை உடையும்போது மட்டும் பளிச்சென்று மின்னினால் நாக்டிலூக்கா வகை. ஒளிரும் பாக்டீரியா கூட்டம் சேர்ந்தால்தான் ஒளிவிடும். அப்படி ஒளிவிட்டாலும் மின்னாது, நிலையாக எரியும்.

மகன் வடக்கு ஜெர்மனியில் இருக்கிறான். ஜூலையில் போகிறோம். குளிர்கடல்தானே, பயமில்லாமல் இறங்கலாமா? எனக்குச் சர்க்கரை உண்டு. (திருச்சி வாசகர்)

உங்கள் மகன் இருப்பது வடகடல் பக்கமா, பால்டிக் பக்கமா என்று எழுதவில்லை. பால்டிக் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே உப்பு குறைவு, ஆழம் குறைவு, வெயில் ஏறினால் கரையோரத் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியாவுக்கு இந்த மூன்றும் பிடிக்கும். காயம் வழியாக உள்ளே போனால் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் உயிருக்கே ஆபத்து. காலில் புண்ணோ வெட்டோ இருந்தால், வெப்ப அலை வீசும் வாரத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள். காயமே இல்லாவிட்டாலும் உங்கள் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைச் சிப்பி சாப்பிடச் சொல்லி யாராவது உபசரித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மற்றபடி விப்ரியோ குடும்பம்தான் உண்மையிலேயே சூட்டைப் பார்த்து நடப்பது. குளிர்காலத்தில் சேற்றுக்குள் ஒதுங்கிக் கிடக்கும், தண்ணீர் சூடானதும் எழும். இவ்வளவு நேரம் சூடு முக்கியமில்லை என்று சொல்லிவிட்டு இப்போது மாற்றுகிறேனே என்று கோயம்புத்தூர் ஆசிரியர் கேட்பார். கேட்கட்டும். மொத்தக் கூட்டத்தை ஆட்டுவது சாப்பாடும் வெளிச்சமும், இந்த ஒரு குடும்பத்தை ஆட்டுவது சூடு. 2004 ஜூலையில் அலாஸ்காவில், ஒரு கப்பல் பயணிகள் உள்ளிட்ட பலர் உள்ளூர்ச் சிப்பியைப் பச்சையாகச் சாப்பிட்டுவிட்டு வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். கண்டறியப்பட்டவர்கள் 62 பேர். காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். சிப்பிப் பண்ணைத் தண்ணீர் அந்தக் கோடையில் 15 டிகிரியைத் தாண்டியிருந்தது. அவ்வளவு வடக்கே இது வரும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

வடகடலிலும் விப்ரியோ கூடியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த விதம் அழகு. சரக்குக் கப்பல்களின் பின்னால் பட்டுத் துணிச் சுருள் வைத்த கருவியைக் கட்டி இழுத்து, மிதவை உயிரிகளைப் பிடித்து, ஃபார்மலினில் போட்டு வைக்கும் வழக்கம் அங்கே 1931-லிருந்து இருக்கிறது. 1961 முதல் 2005 வரையிலான அந்தப் பழைய துணிகளை எடுத்து டிஎன்ஏ பார்த்தார்கள். தண்ணீர் சூடேறிய ஆண்டுகளோடு விப்ரியோவின் பங்கும் ஏறியிருந்தது. துணியை எடுத்து வைத்தவர்களுக்கு பாக்டீரியா பற்றி நினைப்பே இருந்திருக்காது.

தினமும் ஒரே இடத்தில் ஒரே வாளித் தண்ணீர். சலிக்காதா மேடம்? நாங்களும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடலில் இப்படிச் செய்யலாமா? (ராமநாதபுரம் மாவட்டம், ஒன்பதாம் வகுப்பு மாணவி)

சலிக்கும். ஜனவரியில் காலை எட்டு மணிக்கும் இருட்டாக இருக்கும், படகு ஆடும், கையுறை நனைந்துவிடும், நேற்று எடுத்த அதே தண்ணீரை இன்றும் எடுப்பாய். ஹெல்கோலாந்தில் 1962-லிருந்து வேலைநாள் தவறாமல் இதைச் செய்கிறார்கள். நான் எடுத்தது அதில் சில நூறு வாளி.

நீங்கள் தாராளமாகச் செய்யலாம். பாக்டீரியா எண்ண மைக்ரோஸ்கோப் வேண்டும், அது இப்போதைக்கு வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர், ஒரு வாளி, அடியில் எடை கட்டிய வெள்ளைத் தட்டு, முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்ட கயிறு. இவை போதும். தண்ணீர் ஆழமுள்ள பாலத்திலோ படகுத்துறையிலோ நின்று, பெரியவர் ஒருவரோடு, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் எடுங்கள். தட்டு மறையும் முடிச்சை எண்ணுங்கள். தண்ணீரின் நிறம், வாசனை, காற்று எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். மீன் பிடிக்கிற தாத்தா யாராவது தண்ணீரைப் பார்த்து ஏதாவது சொன்னால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வைகாசியில் ஆரம்பித்தால் மழைக்காலம் வருவதற்குள் உங்கள் நோட்டில் ஏதாவது ஒன்று ஏறி இறங்கியிருக்கும். எனக்கு அனுப்பு.

தேதியை முதலில் எழுது. பென்சிலில்.